600001 என்ற எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடியில் மாலை நேரத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மண்ணடி, பாரிமுனை, தம்பு செட்டித் தெரு எல்லாவற்றுக்கும் பின்கோடு 600001தான். பகாக் காரணி நடத்தும்போது புத்தகத்தில் இருந்த எண்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் தினமும் முகவரியில் எழுதுகிற இந்த எண்ணையே ஒரு நாள் பலகையில் எழுதினேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவே இல்லை. பிள்ளைகள் கேட்டது, அவர்களைக் கூட்டிப்போக வந்த அப்பா அம்மாக்கள் வாசலில் நின்றபடி கேட்டது, நானே எனக்குள் கேட்டுக்கொண்டது எல்லாம் இங்கே இருக்கிறது.

ஆறு லட்சத்து ஒன்று பெரிய எண்ணா, மிஸ்?

எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2024 அக்டோபரில் கண்டுபிடித்த ஒரு பகா எண்ணை எழுத 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் வேண்டும், அதற்கு முன்னால் நம் எண் ஒரு தூசு. ஆனால் கையால் கணக்குப் போடுகிறவருக்கு இது போதுமான அளவு பெரியது. பார்த்த மாத்திரத்தில் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ஒரு பேனாவும் இரண்டு பக்கத் தாளும் இருந்தால் உள்ளே இருக்கிறது எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம். எனக்கு இந்த அளவு எண்கள்தான் ரொம்பப் பிடிக்கும்.

இது பகா எண்தானே?

எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடுவில் நான்கு சுழியம், கடைசியில் ஒன்று, பார்த்தால் உடையாத எண் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இது பகு எண்.

600001 = 19 × 23 × 1373

இதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்கிறேன், விடையைவிட அந்த வழி முக்கியம். கடைசி இலக்கம் 1, அதனால் 2-ம் 5-ம் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 7, அதனால் 3 இல்லை. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் முடிக்கலாம். ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்தால் 600, 001. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 599. இந்த 599 ஆனது 7, 11, 13 எதனாலும் வகுபடாது, ஆகவே 600001-ம் வகுபடாது. 17-ஆல் வகுத்தால் மீதி 3. சரி, அடுத்தது 19. அங்கே மீதி இல்லாமல் போகிறது, ஈவு 31579. அதில் மறுபடி 19 போகாது, ஆனால் 23 போகிறது, ஈவு 1373.

1373-க்கு 37 வரை பார்த்தால் போதும், ஏனென்றால் 37 × 37 = 1369, 38 × 38 அதைத் தாண்டிவிடும். 37 வரை உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடவில்லை. எனவே 1373 பகா எண், வேலை முடிந்தது.

19-ஆல் வகுபடுமா என்று வகுக்காமலே பார்க்க முடியுமா?

முடியும். கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு, அதன் இரண்டு மடங்கை மிச்சத்தோடு கூட்ட வேண்டும், அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 600001 → 60002 → 6004 → 608 → 76 → 19. கடைசியில் 19-ஏ வந்து நிற்கிறது. இதைப் பலகையில் போட்ட அன்று வகுப்பில் ஒரு சத்தம் எழுந்தது, அதற்காகவே இன்னொரு முறை போட்டுக் காட்டினேன்.

23-க்கு இரண்டு மடங்குக்குப் பதில் ஏழு மடங்கு: 600001 → 60007 → 6049 → 667 → 115 → 46. 46 என்பது இரண்டு 23.

காரணம் கடினமில்லை. 2 × 10 = 20, அது 19-ஐவிட ஒன்று அதிகம். 7 × 10 = 70, அது மூன்று 23-ஐவிட ஒன்று அதிகம். "பத்தால் பெருக்கினால் ஒன்று மீதி" என்று வருகிற எண் எதுவோ, அதுதான் நாம் பயன்படுத்துகிற மடங்கு. இந்த வரியைப் பிடித்துக்கொண்டால் 29-க்கும் 31-க்கும் நீங்களே விதி செய்துகொள்ளலாம்.

மொத்தம் எத்தனை காரணிகள்?

எட்டு. 1, 19, 23, 437, 1373, 26087, 31579, 600001. தன்னைத் தவிர மற்ற ஏழையும் கூட்டினால் 59519 வருகிறது, எண்ணில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஆகவே 6, 28 போல இது நிறை எண் (இப்படிக் கூட்டினால் அதே எண் வருகிற எண்) ஆவதற்குப் பக்கத்திலேயே இல்லை.

ஃபெர்மா சொன்ன முறையில் உடைக்கலாமா?

ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. ஒற்றைப்படை எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தானாகக் கிடைத்துவிடும், a² − b² = (a − b)(a + b) என்பதுதான் அதன் உயிர். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா செய்தது இதுதான்: எண்ணைவிடக் கொஞ்சம் பெரிய வர்க்கத்தில் ஆரம்பித்து, அதிலிருந்து எண்ணைக் கழித்து, மிச்சம் வர்க்கமா என்று பார்ப்பது, இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போவது.

நம் எண்ணுக்கு முதல் முயற்சி 775. 775² = 600625. கழித்தால் 624. இருபத்தைந்தின் வர்க்கம் 625! ஒன்றே ஒன்றில் தவறிவிட்டது. முதல் அடியிலேயே கிடைத்திருக்க வேண்டியது கை நழுவிப் போய், அதற்கப்புறம் 905 வரை, மொத்தம் 131 முயற்சிகள் செய்ய வேண்டியிருக்கிறது. 905² = 819025, அதிலிருந்து 600001 போனால் 219024, அது 468-இன் வர்க்கம். ஆகவே ஒரு காரணி 905 − 468 = 437, இன்னொன்று 905 + 468 = 1373. நேராக 19 வரை வகுத்துப் பார்ப்பது இங்கே எவ்வளவோ சுலபம். ஃபெர்மாவின் முறை, இரண்டு காரணிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால்தான் சட்டென்று முடியும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முடியாது. நான்கால் வகுத்தால் மூன்று மீதி வருகிற பகா எண் ஏதாவது ஒன்று ஒற்றைப்படைத் தடவை காரணியாக இருந்தால், அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. 19-ம் அப்படிப்பட்டது, 23-ம் அப்படிப்பட்டது, இரண்டும் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன.

ஆனால் மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும், அதுவும் அழகாக முடியும். 600001-க்குள் அடங்குகிற மிகப் பெரிய வர்க்கம் 774² = 599076. மிச்சம் 925. அந்த 925-ஐ மூன்று விதமாக இரண்டு வர்க்கங்களாக்கலாம்:

774² + 30² + 5²
774² + 27² + 14²
774² + 22² + 21²

மூன்றும் 600001. முதலாவதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு நிறுத்திவிட்டேன், மற்ற இரண்டையும் மறுநாள் பிள்ளைகள்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

1729 மாதிரி இதுவும் கன எண்களின் கூட்டலா?

சென்னையில் எந்த எண்ணைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும், வர வேண்டியதுதான். 1729 = 1³ + 12³ = 9³ + 10³. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது, ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியிடம் ராமானுஜன் சொன்னது.

நம் எண்ணை இப்படி ஒரு விதமாகக்கூட எழுத முடியாது. நூற்றுக்கணக்கில் முயன்று பார்க்காமலே இதை நிரூபிக்கலாம். a³ + b³ என்பதில் (a + b) எப்போதும் ஒரு காரணி. கூட்டினால் 600001 வர வேண்டும் என்றால் a + b குறைந்தது 85, அதிகபட்சம் 133 ((a + b)³ எப்போதும் a³ + b³-ஐவிடப் பெரியது, ஆனால் அதன் நான்கு மடங்கைத் தாண்டாது. 84³ = 592704, எண்ணைவிடக் குறைவு; மறுபக்கம் 134³ ஆனது எண்ணின் நான்கு மடங்கைத் தாண்டிவிடுகிறது). இப்போது மேலே இருக்கிற எட்டுக் காரணிகளைப் பாருங்கள். 23-க்கு அடுத்து நேராக 437. 85-க்கும் 133-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆக, வழி அடைபட்டுவிட்டது. காரணிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு முடிவே இல்லாதது போலத் தோன்றுகிற தேடலை நான்கு வரியில் மூடிவிட முடிகிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

ராமானுஜனுக்கும் 600001-க்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

அவர் காலத்தில் பின்கோடே கிடையாது. ஆனால் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அவர் கணக்கராகச் சேர்ந்த துறைமுகக் கழகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது, இன்றைக்கு அதன் முகவரி சென்னை 600001. எங்கள் டியூஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

கணக்கிலும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து ஒரு கேள்விக்கு விடை கண்டார்கள்: ஒரு பெரிய எண்ணை எடுத்தால் அதற்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும்? அவர்கள் காட்டியது, எண்ணின் இயல் மடக்கைக்கு (e-ஐ அடியாகக் கொண்ட log) மறுபடியும் இயல் மடக்கை எடுத்தால் என்ன வருமோ, ஏறத்தாழ அத்தனை. 600001-க்கு முதல் தடவை 13.3, இரண்டாம் தடவை 2.59. நம் எண்ணுக்கு இருப்பது மூன்று காரணிகள். பகாக் காரணிகளை எண்ணுகிற விஷயத்தில் நம் பின்கோடு ஒரு சராசரி எண், ராமானுஜன் எதிர்பார்த்தபடியே நடந்துகொள்கிறது. இந்த மதிப்பு எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பதையும் பாருங்கள், நூறு இலக்கம் கொண்ட எண்ணுக்கும் அது ஐந்தரைக்குள்தான் நிற்கும்.

அடுத்தடுத்த எண்களைக் கூட்டி 600001 கொண்டுவர முடியுமா?

ஏழு விதமாக முடியும். ஒற்றைப்படைக் காரணிகள் எட்டு, அதில் ஒன்று எண்ணே தனியாக நிற்பது, மிச்சம் ஏழு. மிகச் சுலபமானது 300000 + 300001. மிக நீளமானதுதான் எனக்குப் பிடித்தது: 250 முதல் 1123 வரை உள்ள 874 எண்களையும் கூட்டுங்கள். முதலும் கடைசியும் சேர்ந்தால் 1373. இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் சேர்ந்தால் அதே 1373. இப்படி 437 ஜோடி. 437 × 1373 என்பது நம் எண்ணேதான்.

1-ஐ 600001-ஆல் வகுத்தால் என்ன வரும்?

0.00000166666388... என்று போகும். 67,914 இலக்கங்கள் போன பிறகு அதே வரிசை மறுபடி ஆரம்பிக்கும். 1/19 ஆனது 18 இலக்கத்தில் திரும்புகிறது, 1/23 ஆனது 22-இல், 1/1373 ஆனது 686-இல். இந்த மூன்றின் மீச்சிறு பொது மடங்குதான் 67914.

சென்னைப் பின்கோடுகளில் பகா எண்ணே இல்லையா?

இருக்கிறது. 600001 முதல் 600100 வரை ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தோம், ஆறு கிடைத்தன: 600011, 600043, 600053, 600071, 600073, 600091. அதாவது பெரம்பூர், பல்லாவரம், அம்பத்தூர், ஆவடி காமராஜ் நகர், சேலையூர், மடிப்பாக்கம். இந்த உயரத்தில் ஏறத்தாழ பதின்மூன்று எண்ணுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்க வேண்டும், நூறில் ஏழெட்டு எதிர்பார்க்கலாம். ஆறு கிடைத்தது, பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் 600071-ம் 600073-ம் இரட்டைப் பகா எண்கள், இரண்டுக்கும் வித்தியாசம் 2. ஊர் என்று பார்த்தால் ஒன்று நகரத்தின் மேற்குக் கோடி, இன்னொன்று தெற்குக் கோடி. இப்படிப்பட்ட இரட்டைகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பது இன்று வரை யாராலும் நிரூபிக்கப்படாத கேள்வி. சேலையூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், 600004 இரட்டைப்படை எண், ஒன்றும் செய்வதற்கில்லை. ராயபுரம் 600013 பகா எண் போலவே இருக்கிறது, ஆனால் 53 × 11321. தி. நகர் 600017-ம் அப்படித்தான், 11 × 54547.

நிறையக் காரணிகள் இருக்கிற பின்கோடு எது?

இதைக் கண்டுபிடித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெருங்குடி, 600096.

600096 = 2⁵ × 3 × 7 × 19 × 47

காரணிகளை எண்ணுவதற்கு ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 6 × 2 × 2 × 2 × 2 = 96. 600096-க்குச் சரியாக 96 காரணிகள். எண்ணின் வாலில் இருக்கிற 96-உம், அதன் காரணிகளின் எண்ணிக்கையான 96-உம் ஒன்று! இதற்குப் பின்னால் ஆழமான காரணம் ஒன்றும் இல்லை, தற்செயல்தான். இருந்தாலும் நான்கு தடவை சரிபார்த்தேன். முதல் நூறு பின்கோடுகளில் இதைத் தாண்டியது வேறு எதுவும் இல்லை.

அடுத்த பெயர் வண்டலூர்: 600048 = 2⁴ × 3⁴ × 463, காரணிகள் 50. வியாசர்பாடியும் சொல்ல வேண்டிய எண், 600039 = 3² × 11² × 19 × 29. முப்பதைத் தாண்டாத பகா எண்களாகவே முழுவதும் உடைகிறது.

96 என்பது அதிகமா என்றால், இதற்கும் ராமானுஜனிடம்தான் போக வேண்டும். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்த வரிசையில் நமக்குக் கீழே இருப்பது 554400, அதற்கு 216 காரணிகள். மேலே 665280, அதற்கு 224. பெருங்குடி அந்த உயரத்தில் பாதிகூட இல்லை.

இந்த எண்ணைத் தபால் துறை கணக்குப் பார்த்துத்தான் கொடுத்ததா?

இல்லை. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் இலக்கம் மண்டலம், 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் இருக்கிற மண்டலம். முதல் மூன்று சேர்ந்து தபால் பிரிக்கிற மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்று தபாலைப் பட்டுவாடா செய்கிற அலுவலகத்தை. ராஜாஜி சாலைத் தலைமைத் தபால் நிலையம் முதலாவது என்பதால் 001. 19-ம் 23-ம் உள்ளே இருப்பது யாரும் வைத்ததல்ல, ஆறு லட்சத்தோடு ஒன்றைச் சேர்த்தபோது தானாக வந்து உட்கார்ந்தது.

தலைகீழாகத் திருப்பினால்?

தாளைத் தலைகீழாகப் பிடித்தால் 600001 என்பது 100009 ஆகிவிடும். அது 7² × 13 × 157. அதன் ஆறு மடங்கு 600054, ஆவடியின் பின்கோடு.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?

600001 வராது. ஆனால் வகுபடும் தன்மை, பகாக் காரணி, a² − b², கூட்டுத் தொடர் எல்லாம் வரும், இங்கே அத்தனையும் ஒரே எண்ணில் வந்துவிட்டன. ஒரு அம்மா வாசலில் நின்று இதைக் கொஞ்சம் கவலையோடுதான் கேட்டார். அவருக்கும் இதையே சொன்னேன், அப்புறம் அவருடைய மகன் எழுதியிருந்த மூன்று வர்க்கங்களையும் காட்டினேன்.

என் பின்கோடு பகா எண்ணா என்று நானே பார்ப்பது எப்படி?

600-இல் ஆரம்பிக்கிற சென்னைப் பின்கோடு என்றால் 774 வரை பார்த்தால் போதும், 775-இன் வர்க்கம் 600625, நம் எண்களைத் தாண்டிவிடும். 774 வரை 137 பகா எண்கள் இருக்கின்றன. இரட்டைப்படையா, 5-இல் முடிகிறதா, இலக்கங்களின் கூட்டல் 3-ஆல் வகுபடுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலானவை அங்கேயே விழுந்துவிடும். அப்புறம் 600-லிருந்து கடைசி மூன்று இலக்கத்தைக் கழித்து 7, 11, 13 மூன்றையும் ஒரே தடவையில் முடியுங்கள். அதற்கு மேல் 17-லிருந்து வரிசையாக வகுக்க வேண்டியதுதான். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். 600107 என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள், அது 653 × 919. 653 என்பது 119-ஆவது பகா எண், முதல் 118 பேரும் கைவிட்ட பிறகுதான் அது உடைகிறது. 600011 கடைசி வரை, 773 வரை, உடையவே இல்லை. பெரம்பூரிலிருந்து வருகிற மாணவி இரண்டு மாலை உட்கார்ந்து 137-ஐயும் வகுத்து, ஒவ்வொரு மீதியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.